தொண்டுக் கடையில் பழைய புத்தகம் வாங்குவது: மேசைக்கு எதிரே நின்று கேட்கப்பட்ட கேள்விகள்

தென்சென்னையில் ஓர் அறக்கட்டளை நடத்தும் கடையில் சனிக்கிழமைதோறும் புத்தகம் பிரித்து அடுக்குகிறேன். ஏழு வருடமாகிறது. முன்பக்கம் புடவை, பாத்திரம், பொம்மை எல்லாம் இருக்கும். பின்னறையில் மூன்று இரும்பு அலமாரியும் ஒரு நீள மேசையும் உண்டு. அதுதான் புத்தகப் பகுதி. வருகிறவர்களுக்கு வரும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றேதான். ஒவ்வொரு வாரமும் சொல்லிச் சொல்லிப் பழகியதை, கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை வைத்து இங்கே எழுதியிருக்கிறேன்.

"சாரிட்டி ஷாப்னா என்ன மேடம்? பழைய புத்தகக் கடைதானே?"

பழைய புத்தகக் கடைக்காரர் காசு கொடுத்துச் சரக்கு வாங்கி, லாபம் வைத்து விற்கிறார். அது அவர் பிழைப்பு. தொண்டுக் கடைக்கு எல்லாமே நன்கொடையாக வருகிறது. விற்ற பணம் ஒரு காரியத்துக்குப் போகிறது. படிப்புச் செலவு, மருத்துவம், முதியோர் இல்லம், விலங்குகள் காப்பகம் என்று நடத்துகிறவர்களைப் பொறுத்து மாறும். இங்கிலாந்தில் இது ஊருக்கு ஊர் உண்டு. ஆக்ஸ்ஃபாம் என்கிற தொண்டு நிறுவனம் 1940களின் இறுதியில் ஆக்ஸ்ஃபர்டு நகரில் திறந்த கடையிலிருந்து அங்கே இந்த வழக்கம் பெரிதாகப் பரவியது. பிறகு புத்தகத்துக்கென்றே தனிக் கடைகளும் வைத்தார்கள்.

நம் ஊரில் வீட்டில் சேரும் புத்தகத்துக்கு ஒரே வழிதான் இருந்தது: பழைய பேப்பர் கடை. தராசில் செய்தித்தாளோடு சேர்த்து வைத்து, கிலோவுக்கு இவ்வளவு என்று போய்விடும். அங்கே போகிற புத்தகத்தில் பாதியை நடுவழியில் மறித்துக்கொள்ளும் இடம் என்றுதான் எங்கள் கடையை நான் நினைக்கிறேன்.

"நாங்க கொடுக்கற காசு நிஜமாவே தொண்டுக்குத்தான் போகுதான்னு எப்படித் தெரியும்?"

கேளுங்கள். கேட்பதில் தப்பே இல்லை. அறக்கட்டளையின் பெயர், பதிவு விவரம், போன வருடம் எதற்குச் செலவானது என்று கேட்டால் ஒழுங்கான இடம் முகம் சுளிக்காமல் சொல்லும். ரசீது கொடுக்கும். "நல்ல காரியத்துக்குத்தான்" என்று மட்டும் பதில் வந்தால், புத்தகம் பிடித்திருந்தால் வாங்குங்கள், தர்மம் செய்துவிட்டோம் என்று எண்ண வேண்டாம்.

"சென்னையில இந்த மாதிரி கடை எங்கெங்க இருக்கு?"

நிரந்தரக் கடைகள் குறைவு. தேவாலய வளாகங்களில், பள்ளிகளில், பெரிய அடுக்குமாடிக் குடியிருப்புகளில் வருடத்துக்கு ஓரிரு முறை நன்கொடைப் பொருள் விற்பனை நடக்கும். பெரும்பாலும் அறிவிப்புப் பலகையிலும் வாட்ஸப் குழுவிலும்தான் தகவல் வரும். காதைத் தீட்டி வைத்துக்கொள்ள வேண்டும். முதல் ஒரு மணி நேரத்தில் போய்விடுவது நல்லது.

அது இல்லாத நாட்களில் நடைபாதைக் கடைகள்தான். திருவல்லிக்கேணியில் பாரதி சாலை, அதாவது பழைய பைகிராப்ட்ஸ் ரோடு. மயிலாப்பூரில் லஸ் பக்கம். சென்ட்ரல் அருகே அல்லிக்குளம் வளாகம். மூர் மார்க்கெட் 1985 மே மாதம் எரிந்துபோன பிறகு அங்கிருந்த வியாபாரிகள் பலர் இடம்பெயர்ந்த வளாகம் அதுதான். மார்க்கெட் இருந்த இடத்தில் இப்போது புறநகர் ரயில் நிலையம். அதன் பெயரில் இன்னும் மூர் மார்க்கெட் ஒட்டிக்கொண்டிருக்கிறது. தை மாதத்தை ஒட்டிப் புத்தகக் காட்சி நந்தனத்தில் நடக்கிற நாட்களில் வெளியே நடைபாதையிலும் பழைய புத்தகம் குவித்து வைப்பார்கள். உள்ளே போவதற்கு முன் அங்கே ஒரு மணி நேரம் செலவழிக்கிறவர்களை எனக்குத் தெரியும். நானும் அப்படித்தான்.

"பேரம் பேசலாமா?"

நடைபாதையில் பேசலாம், அங்கே அது முறை. தொண்டுக் கடையில் வேண்டாம். பத்துப் புத்தகம் எடுத்தால் நாங்களே குறைத்துக் கொடுப்போம்.

"இருநூறு ரூபாய்ப் புத்தகத்தை முப்பதுக்குக் கொடுக்கறீங்க, ஒல்லியான கிழிஞ்ச புத்தகத்துக்கு நூத்தம்பது கேக்கறீங்க. என்ன கணக்கு?"

எத்தனை பிரதி வெளியே இருக்கிறது என்பதுதான் கணக்கு. விமான நிலையத்தில் விற்கும் ஆங்கில நாவல் எங்களுக்கு மாதத்துக்கு நாலு பிரதி வரும். அதை முப்பதுக்குக் கொடுத்தால்தான் நகரும். அந்த ஒல்லிப் புத்தகம் திருச்சியிலோ காரைக்குடியிலோ ஒரு சின்னப் பதிப்பகம் ஐம்பது வருடத்துக்கு முன் ஆயிரம் பிரதி அச்சடித்ததாக இருக்கும். மறுபதிப்பு வந்திருக்காது. அந்த ஆயிரத்தில் எவ்வளவு கரையானுக்கும் தராசுக்கும் தப்பித்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். கிழிந்திருந்தாலும் முழுசாக இருக்கிறது என்பதுதான் அதற்கு மதிப்பு.

நூற்றைம்பது என்பதும் பெரிய விலை இல்லை. விலை கொடுத்து வாங்கினால்தான் வீட்டில் பத்திரமாக வைப்பார்கள். பத்து ரூபாய்க்குக் கொடுத்த அபூர்வமான புத்தகம் ஒன்று, மறு வருடம் அட்டையில்லாமல் எங்களிடமே நன்கொடையாகத் திரும்பி வந்தது. அதிலிருந்துதான் இந்த வழக்கம்.

"வாங்கறதுக்கு முன்னாடி என்னென்ன பார்க்கணும்?"

முதலில் முகர்ந்து பாருங்கள். பழைய காகித வாடை வேறு, பூஞ்சை வாடை வேறு. பூஞ்சை பிடித்தது மூக்கில் ஏறும், தொண்டை கரகரக்கும். அப்புறம் நடுப்பக்கத்தை மெதுவாகத் திறந்து முதுகைப் பாருங்கள். நூல் தைத்த புத்தகம் விரிந்து கொடுக்கும். பசையால் மட்டும் ஒட்டியது பழசாகியிருந்தால் படக்கென்று ஒரு சத்தம் கேட்கும். அது இரண்டாகப் பிளக்கப் போகிறது என்று அர்த்தம். முள் (ஸ்டேப்ளர் பின்) அடித்த மெல்லிய புத்தகங்களில் அந்த முள்ளைப் பாருங்கள். கடல் காற்றில் துருப்பிடித்துக் காகிதத்தையும் அரித்திருக்கும்.

பிறகு பக்க எண். புத்தகம் பெரும்பாலும் பதினாறு பக்கம் கொண்ட பாரம் பாரமாக அச்சாகிறது. பைண்டிங்கில் ஒரு பாரம் விட்டுப்போவதும், ஒன்றே இரண்டு முறை சேர்ந்துவிடுவதும் தமிழ்ப் புத்தகங்களில் சாதாரணம். 16, 32, 48 என்று தாண்டித் தாண்டிப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். துப்பறியும் நாவலின் கடைசிப் பாரம் இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். ஏன் என்று சொல்லத் தேவையில்லை.

கடைசியாக ஓரங்கள். பக்கங்களின் கீழ்ப்புறம் பழுப்பாக அலை அலையாய் ஒரு கோடு ஓடினால் தண்ணீர் பட்டது. 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு அந்தக் கோட்டோடு எத்தனையோ புத்தகங்கள் வந்தன. கோட்டூர்புரம், சைதாப்பேட்டை வீடுகளில் கீழ்த்தட்டு முழுக்கப் போயிருந்தது. நன்றாகக் காய்ந்து, பூஞ்சை இல்லாமல் இருந்தால் கோடு மட்டும் ஒரு குறையில்லை. வாங்கலாம்.

"இதை வாங்கிட்டுப் போனா வீட்ல இருக்கற புத்தகத்துக்கும் பூச்சி வந்துடாதா அக்கா?"

வரலாம். அதனால் புதிதாக வந்ததை நேராக அலமாரியில் வைக்காதீர்கள். எந்தப் பூச்சி என்று பாருங்கள். ஊசி குத்தியது போல் வட்ட ஓட்டை பல பக்கங்களைத் துளைத்துப் போயிருந்தால் அது புழு. காகிதத்தின் மேல்தோலை மட்டும் சுரண்டியது போல் ஒழுங்கில்லாமல் அரித்திருந்தால் இராமபாணப் பூச்சி. மண்ணோடு குடைந்திருந்தால் கரையான். கரையான் உயிரோடு இருக்கிற புத்தகத்தை இலவசமாகக் கொடுத்தாலும் தொடாதீர்கள். ஓட்டை பழசா புதுசா என்று அறிய, வெள்ளைத் தாள் மேல் புத்தகத்தைத் தட்டுங்கள். மாவு போலப் பொடி விழுந்தால் உள்ளே இன்னும் ஆள் இருக்கிறது.

சந்தேகமான புத்தகத்தைக் காற்றுப் புகாத பிளாஸ்டிக் உறையில் போட்டு மூடி, வீட்டுப் ஃபிரிட்ஜின் ஃப்ரீஸரில் ஒரு வாரம் பத்து நாள் வையுங்கள். எடுத்ததும் உறையைத் திறக்கக் கூடாது. ஒரு முழு நாள் வெளியே வைத்து, அறைச் சூட்டுக்கு வந்த பிறகு திறக்க வேண்டும். இல்லையென்றால் சென்னைக் காற்றின் ஈரமெல்லாம் குளிர்ந்த காகிதத்தில் வியர்த்துவிடும். வேப்பிலை, வசம்பு வைப்பது நம் வீடுகளில் காலம்காலமாக உண்டு. கெடுதல் இல்லை. ஆனால் உள்ளே குடியேறிவிட்ட புழுவை அது கொல்லாது. பாச்சா உருண்டை சிறு குழந்தைகள் இருக்கிற வீட்டில் வேண்டவே வேண்டாம்.

"வெயில்ல காய வெச்சா வாடை போயிடுமா?"

வாடை குறையும், புத்தகமும் கெடும். மட்டக் காகிதம் நேர் வெயிலில் சீக்கிரம் பழுத்து, தொட்டால் ஒடியும் பதத்துக்கு வந்துவிடும். நிழலில், மின்விசிறிக் காற்றில், புத்தகத்தை விசிறி போல் விரித்து நிற்க வைத்து இரண்டு மூன்று நாள் விடுங்கள். ஐப்பசி கார்த்திகையில் இதைச் செய்து பயனில்லை. மாசி பங்குனி நல்ல சமயம்.

"உள்ள வருஷமே போடலையே. இது எப்ப வந்த புத்தகம்னு எப்படிச் சொல்றீங்க?"

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இதுதான். புத்தகம் தன் வயதைப் பல இடத்தில் சொல்லும்.

விலையில் ஆரம்பியுங்கள். "ரூ. 2–8–0" என்று மூன்று எண் இருந்தால் இரண்டு ரூபாய் எட்டணா. 1957 ஏப்ரல் 1ஆம் தேதி தசம நாணயம் வந்தது. ஆகவே அதற்கு முந்தையது. "ந. பை." என்று இருந்தால் நயா பைசா. அது 1957க்கும் 1964க்கும் நடுவே. 1964 ஜூனில் "நயா" போய் வெறும் பைசா ஆகிவிட்டது. அடுத்தது முகவரி. "சென்னை–600 005" என்று ஆறு இலக்கம் இருந்தால் 1972 ஆகஸ்ட் 15க்குப் பிந்தையது, அன்றுதான் பின்கோடு வந்தது. வெறும் "சென்னை–5" என்று இருந்தால் எதுவும் நிச்சயமில்லை. இன்றைக்கும் அப்படி எழுதுகிறவர்கள் உண்டு. பின்னட்டையில் ஐஎஸ்பிஎன் என்கிற சர்வதேசப் புத்தக எண் பத்து இலக்கத்தில் மட்டும் இருந்தால் அது பெரும்பாலும் 2007க்கு முன் அச்சானது. பதின்மூன்று இலக்கம் 2007 முதல் முறையாயிற்று.

எழுத்தைப் பாருங்கள். லை, னை, ணை, ளை எழுத்துகளுக்கு முன்னே யானைத் துதிக்கை போல் ஒரு சுழி, ணா, றா, னா எழுத்துகளில் கால் தனியாக நிற்காமல் எழுத்தோடு சுழிந்திருப்பது, இதெல்லாம் பழைய வடிவம். தமிழக அரசு 1978இல் சீர்திருத்த எழுத்தை ஏற்றது. சில அச்சகங்கள் பழைய எழுத்தைத் தீரும்வரை ஓட்டின. அதனால் சில வருடம் கூடக் குறைய வைத்துக்கொள்ளுங்கள். ஒரு விலக்கு மட்டும் நினைவிருக்கட்டும்: பெரியார் 1935இலேயே தம் "குடி அரசு" ஏட்டில் சீர்திருத்த எழுத்தைக் கொண்டுவந்துவிட்டார். ஆகவே சுயமரியாதை இயக்க வெளியீட்டில் புது எழுத்து இருக்கிறது என்பதற்காக அதை எழுபதுகளுக்குப் பிந்தையது என்று ஒதுக்கிவிடாதீர்கள். நானே ஒருமுறை அப்படி இருபது ரூபாய்க் கட்டுக்குள் போட்டுவிட்டுப் பிறகு ஓடிப்போய் எடுத்தேன்.

பழைய பக்தி நூல்களில் "பிரபவ வருஷம்" என்கிற மாதிரி ஆண்டுப் பெயர் மட்டும் இருக்கும். அது அறுபது வருடத்துக்கு ஒருமுறை வருவது. பிரபவ என்றால் 1927ஆக இருக்கலாம், 1987ஆகவும் இருக்கலாம். மேலே சொன்ன விலையும் எழுத்தும்தான் தீர்ப்புச் சொல்லும். இன்னொன்று, கண்ணை மூடிக்கொண்டு பக்கத்தின் பின்புறத்தில் விரலை ஓட்டிப் பாருங்கள். ஈய எழுத்துக் கோத்து அச்சடித்த புத்தகத்தில் ஒவ்வொரு வரியும் மெல்லிய மேடாக விரலில் தட்டுப்படும்.

"அப்ப இது முதல் பதிப்பா? நல்ல விலைக்குப் போகுமா?"

முந்தைய பதிலில் சொன்னது புத்தகத்தின் வயது. பதிப்பு வேறு விஷயம். தலைப்புப் பக்கத்தின் பின்னால் "முதற் பதிப்பு", "மூன்றாம் பதிப்பு" என்று ஆண்டுகளோடு அடுக்கியிருந்தால் கடைசியாக உள்ளதுதான் உங்கள் கையில் இருப்பது. "முதற் பதிப்பு" என்று மட்டும் இருந்தால், அது அந்தப் பதிப்பகத்தின் முதற் பதிப்பு. வேறொரு பதிப்பகம் முப்பது வருடத்துக்கு முன்பே போட்டிருக்கலாம்.

விலைக்குப் போகுமா என்பதற்கு நான் பதில் சொல்வதில்லை. 1950க்கு முந்தைய தமிழ்ப் புத்தகம் கிடைத்தால் விலையை விட முக்கியமான ஒரு வேலை இருக்கிறது. தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. கோட்டையூரில் ரோஜா முத்தையா செட்டியார் என்கிற தனி மனிதர் வாழ்நாள் முழுக்கச் சேர்த்த சேகரத்தில் இருந்து 1994இல் உருவானது. அவர்களிடம் அந்தப் புத்தகம் இருக்கிறதா என்று விசாரியுங்கள். இல்லையென்றால், ஒரு நகல் எடுத்துக்கொள்ளவாவது கொடுங்கள்.

"வாரப் பத்திரிகைத் தொடரைக் கிழிச்சு பைண்டு பண்ணது ஒண்ணு இருக்கே, அது புத்தகமே இல்லையே. அதுக்குப் போய் விலையா?"

அச்சான புத்தகத்தில் இல்லாதது எல்லாம் அதில்தான் இருக்கிறது. விகடன், கல்கி, குமுதம் எல்லாவற்றிலும் தொடர் வந்த காலத்தில், வாராவாரம் பக்கத்தைப் பிரித்தெடுத்து, தொடர் முடிந்ததும் தெருமுனை பைண்டரிடம் கொடுத்து காலிகோ துணி ஒட்டிய அட்டை போட்டு வைப்பது நம் வீடுகளில் ஒரு வேலையாகவே நடந்தது. பிறகு புத்தகமாக வரும்போது படங்களைப் பெரும்பாலும் விட்டுவிட்டார்கள். மணியம், கோபுலு, சில்பி வரைந்தது அச்சான அளவிலேயே பார்க்க வேண்டுமென்றால் இந்தப் பைண்டுகள்தான் வழி. பக்கத்தின் பின்புறம் தற்செயலாகத் தங்கிவிட்ட சோப்பு விளம்பரமும், வானொலி விளம்பரமும், பாதி வெட்டுப்பட்ட துணுக்கும் கூட அந்த வாரத்தைக் கண்முன் நிறுத்தும்.

போன ஆவணியில் ஒரு சிவப்புக் காலிகோ பைண்டு வந்தது. முதுகில் பொன்னெழுத்து பாதி உதிர்ந்திருந்தது. பதினேழாவது அத்தியாயம் மட்டும் காணோம். அதற்குப் பதிலாக, யாரோ நோட்டுத் தாளில் நீல மையால் அந்த அத்தியாயம் முழுவதையும் கையால் எழுதிச் சேர்த்துத் தைத்திருந்தார்கள். பன்னிரண்டு தாள். பக்கத்து வீட்டில் இரவல் வாங்கி எழுதியிருக்க வேண்டும். கடைசித் தாளின் அடியில் படம் இருந்த இடத்துக்கு ஒரு கட்டம் போட்டு, "இங்கே படம்: படகு" என்று எழுதியிருந்தது. அதற்கு நான் விலை வைத்தேன்தான். இரண்டு நாள் வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படித்துவிட்டு வைத்தேன்.

வாங்கும்போது அத்தியாய எண்களைச் சரிபாருங்கள். மேலே சொன்ன பாரக் கணக்கு இதற்குப் பொருந்தாது.

"உள்ள ‘அன்புள்ள தங்கைக்கு’ன்னு எழுதி கையெழுத்தெல்லாம் இருக்கு. வாங்க ஒரு மாதிரியா இருக்கே?"

அப்படித் தோன்றுவது இயல்பு. ஆனால் அந்தத் தங்கையின் வீட்டிலிருந்து புத்தகம் வந்துவிட்டது. இனி அது எங்கேயாவது இருந்துதான் ஆக வேண்டும். அந்தப் பக்கத்தைக் கிழிக்காதீர்கள், பேனாவால் அடிக்கவும் அடிக்காதீர்கள். கீழே உங்கள் பெயரையும் வருடத்தையும் பென்சிலால் எழுதிக்கொள்ளுங்கள். உள்ளே கடிதம், புகைப்படம், பத்திரம், காப்பீட்டு ரசீது போன்றவை அகப்பட்டால் கடையில் சொல்லுங்கள். கொடுத்தவர் யார் என்று எங்கள் பதிவேட்டில் இருக்கும், கூப்பிட்டுச் சொல்வோம். ஒரு அம்மா இருபது வருடமாகத் தேடிய கல்யாணப் பத்திரிகையை அப்படித் திருப்பிக் கொடுத்திருக்கிறோம்.

"நூலக முத்திரை இருக்கு. திருட்டுப் புத்தகமா?"

எல்லாம் அப்படி இல்லை. நூலகங்கள் பழசைக் கழிப்பது உண்டு. கழித்ததாக இன்னொரு முத்திரையோ, பழைய முத்திரை மேல் குறுக்குக் கோடோ இருக்கும். வாடகை நூலகங்கள் மூடும்போது மொத்தமாக விற்ற புத்தகங்களிலும் முத்திரை இருக்கும், அதுவும் சரி. கழித்த அடையாளம் இல்லாமல் இன்றும் நடக்கும் நூலகத்தின் முத்திரை மட்டும் இருந்தால் நாங்கள் விற்பதில்லை. எடுத்துப்போய் அந்த நூலகத்திலேயே கொடுத்துவிடுவோம். எங்கள் கண்ணுக்குத் தப்பி உங்களிடம் வந்தால் நீங்களும் அதையே செய்யுங்கள். பணத்தைத் திருப்பித் தருகிறோம்.

"பிளாட்பாரத்துல புத்தம் புதுசா நூறு ரூபாய்க்குக் கிடைக்குதே, அதை விட்டுட்டு ஏன் பழசு வாங்கணும்?"

வெளிக்கடையில் ஐந்நூறு ரூபாய்க்கு விற்பது, அழுக்கே படாமல், கண்ணாடிக் காகிதம் சுற்றி நூறுக்குக் கிடைத்தால் அது பழைய புத்தகம் இல்லை, திருட்டு அச்சு. எழுத்து மங்கலாக, வரி கொஞ்சம் சாய்வாக, அட்டைப் படம் ஒளிநகல் எடுத்த மாதிரி கலங்கலாக இருக்கும். காகிதம் எடையே இல்லாமல் இருக்கும். எங்களுக்கும் நன்கொடையில் இவை வருகின்றன. கழித்து ஓரமாக வைத்துவிடுகிறோம். "இந்தியத் துணைக்கண்டத்தில் மட்டும் விற்பனைக்கு" என்று ஆங்கிலத்தில் அச்சிட்டதைப் பார்த்துச் சிலர் அதையும் போலி என்று நினைக்கிறார்கள். அது பதிப்பகமே இங்கே குறைந்த விலைக்குப் போடும் முறையான பதிப்பு.

"திருட்டு அச்சு தப்புன்னா, பழசு வாங்கினாலும் எழுத்தாளருக்கு ஒரு பைசா போகாதே. ரெண்டும் ஒண்ணுதானே?"

சட்டத்தில் ஒன்றல்ல. முறையாக அச்சாகி ஒருமுறை விற்ற பிரதியை வாங்கியவர் மறுபடி விற்கலாம், கொடுக்கலாம். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் அதைத் தடுக்கவில்லை. அந்தப் பிரதிக்கான பங்கு முதல் விற்பனையிலேயே எழுத்தாளர் கணக்கில் வந்திருக்க வேண்டும். திருட்டு அச்சில் அந்த முதல் விற்பனையே இல்லை.

ஆனாலும் நீங்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. என் வழக்கத்தைச் சொல்கிறேன். இன்று எழுதிக்கொண்டிருக்கும் தமிழ் எழுத்தாளரின் புத்தகம், புதிதாகவே கடையில் கிடைக்கிறதென்றால், நான் புதிதாகத்தான் வாங்குவேன். இப்போதெல்லாம் ஒரு பதிப்பு சில நூறு பிரதிதான் போகிறது. அதில் நூறு பேர் காத்திருந்து பழசு வாங்கினால் அடுத்த புத்தகம் வருவதே கஷ்டம். மேசைக்கு வருகிறவர்களிடமும் "இது புதுசே கிடைக்கும்" என்று சொல்லிவிடுவேன். அதனால் எங்களுக்குச் சில விற்பனை போகிறது, பரவாயில்லை. அச்சில் இல்லாதது, எழுத்தாளர் மறைந்து குடும்பமும் மறந்துபோனது, அட்டவணையிலேயே இல்லாதது, இவற்றுக்குத்தான் பழைய புத்தக மேசை.

"பத்துத் தொகுதியில ஒண்ணு குறையுது. வாங்கலாமா?"

எதற்கு என்பதைப் பொறுத்தது. தமிழ் வளர்ச்சிக் கழகம் பெரியசாமித் தூரனை ஆசிரியராகக் கொண்டு 1954 முதல் வெளியிட்ட கலைக்களஞ்சியத்தில் ஒரு தொகுதி குறைந்தாலும் மற்றவற்றை வாங்குங்கள். ஒவ்வொரு தொகுதியும் தனியாகப் படிக்கத் தக்கது. காணாமற்போனது என்றைக்காவது நடைபாதையில் கிடைக்கும், எனக்குக் கிடைத்திருக்கிறது. நாவலின் இரண்டாம் பாகம் மட்டும் என்றால் பொறுங்கள். பிரிட்டானிக்கா முழுத் தொகுதிகள் வீடு காலி செய்கிற எல்லோரிடமிருந்தும் வருகின்றன. அச்சுப் பதிப்பை நிறுத்துவதாக 2012இல் அந்த நிறுவனமே அறிவித்துவிட்டது. எங்களிடம் இடமில்லை, தயவு செய்து முதலில் போன் செய்து கேளுங்கள்.

"ரஷ்யப் புத்தகம் ஏதாச்சும் இருக்கா?"

இதை மாதம் நாலு பேராவது கேட்கிறார்கள், பெரும்பாலும் ஐம்பது வயது தாண்டியவர்கள். மாஸ்கோவில் முன்னேற்றப் பதிப்பகமும் ராதுகாவும் தமிழிலேயே அச்சடித்து அனுப்பியவை. நியூ செஞ்சுரி புக் ஹவுஸ் மூலம் ஊர் ஊராக விற்றார்கள். தைத்த பைண்டிங், கெட்டிக் காகிதம், அதனால் இன்றும் நன்றாக இருக்கின்றன. சோவியத் ஒன்றியம் 1991இல் கலைந்ததோடு வரத்து நின்றது. குழந்தைப் புத்தகங்கள் வந்த அன்றே போய்விடும். கேட்டு வையுங்கள். எப்படி என்று கடைசிப் பதிலில் சொல்கிறேன்.

"பசங்களுக்குப் பாடப் புத்தகம், டிஎன்பிஎஸ்சி புத்தகம் கிடைக்குமா?"

கிடைக்கும். பாடத்திட்டம் மாறியிருக்கிறதா என்று முதல் பக்கத்தில் ஆண்டைப் பாருங்கள். தமிழகத்தில் 2018–19இலும் அடுத்த ஆண்டிலும் புத்தகங்கள் மொத்தமாக மாறின. தேர்வுக்குப் படிப்பவர்கள் பழையதையும் சேர்த்து வாங்குகிறார்கள். அரசின் விலையில்லாப் பாடநூல் வந்தால் நாங்கள் விற்பதில்லை, கேட்கிற பிள்ளைகளுக்குச் சும்மா கொடுக்கிறோம்.

"நானும் கொஞ்சம் கொடுக்கலாம்னு இருக்கேன். என்ன கொடுக்கக் கூடாது? வரி விலக்கு ரசீது தருவீங்களா?"

உங்கள் நண்பருக்குக் கொடுக்கக் கூச்சப்படுகிற நிலையில் இருப்பதை எங்களுக்கும் கொடுக்க வேண்டாம். பூச்சி உள்ளது, ஈரமானது, விடை எழுதித் தீர்த்த பயிற்சி நூல், காலாவதியான சட்ட நூல், போன தலைமுறைக் கணினிப் புத்தகம், இவற்றைத் தூக்கிப்போட நாங்கள் ஆள் வைக்க வேண்டியிருக்கிறது. அட்டைப்பெட்டி சின்னதாக இருக்கட்டும். டிவிப் பெட்டி நிறையப் புத்தகம் அடுக்கினால் யாராலும் தூக்க முடியாது.

80ஜி என்று எல்லோரும் சொல்லும் வரிச் சலுகை பணமாகக் கொடுக்கும் நன்கொடைக்கு மட்டும்தான். பொருளாகக் கொடுத்தால் கிடையாது. கடையில் புத்தகம் வாங்குவதும் நன்கொடை ஆகாது, அது விலைக்கு வாங்கியது.

"அப்பா போயிட்டார். வீட்ல ஆயிரம் புத்தகம் இருக்கு. மொத்தமா எடுத்துக்கறீங்களா?"

எடுத்துக்கொள்கிறோம். ஆனால் இந்த மாதமே வேண்டாம். பதின்மூன்றாம் நாள் முடிந்த கையோடு பெட்டி கட்டிக் கொடுத்தவர்கள், மூன்று மாதம் கழித்து ஒரு புத்தகத்தைத் தேடி வந்து மேசைக்கு எதிரே அழுததைப் பார்த்திருக்கிறேன். அது விற்றுப் போயிருந்தது. அதிலிருந்து நான் எல்லோரிடமும் சொல்வது, அலமாரியை வரிசை கலைக்காமல் போனில் தட்டுத் தட்டாகப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அவர் என்ன படித்தார் என்பது அந்த வரிசையில்தான் இருக்கிறது. அண்ணன் தம்பி, பேரப்பிள்ளைகள் எல்லோருக்கும் அனுப்பி, ஆளுக்கு வேண்டியதை எடுக்கச் சொல்லுங்கள்.

பிறகு மிச்சத்தில் அவர் கைப்பட எழுதியது, ஓரக்குறிப்பு நிறைந்தது, பழைய பதிப்புகள் ஆகியவற்றைத் தனியாக வையுங்கள். ஒரே துறையில் ஆழமாகச் சேர்த்திருந்தால், இசை, சித்த மருத்துவம், கோயில் வரலாறு என்று எதுவானாலும், அதைப் பிரிக்காமல் ஒரு கல்லூரிக்கோ ஆராய்ச்சி நூலகத்துக்கோ கொடுக்க முடியுமா என்று முதலில் கேளுங்கள். எங்களிடம் வந்தால் அது நாற்பது வீட்டுக்குச் சிதறிவிடும். அவர்கள் வேண்டாம் என்ற பிறகு எங்களைக் கூப்பிடுங்கள், வண்டி அனுப்புகிறோம்.

"இங்க முப்பது ரூபாய்க்கு வாங்கி ஆன்லைன்ல ஐந்நூறுக்கு விக்கறாங்களே. நீங்க ஏன் தடுக்கறதில்ல?"

யார் எதற்கு வாங்குகிறார் என்று விசாரிக்க எனக்கு மனமில்லை. அப்படி வாங்குகிற ஒருவர் வெகு நாளாக வருகிறார். மதுரையில், ஈழத்தில், கனடாவில் யாரோ தேடும் புத்தகத்தை அவர்தான் தேடிச் சேர்க்கிறார். முப்பதுக்கு வைத்தது என் அறியாமை என்றால் அடுத்த முறை சரியாக வைக்கிறேன். நாங்கள் செய்வது ஒன்றுதான். புதுப் பெட்டி பிரித்த நாளில் மதியம் வரைக்கும் ஆளுக்கு ஐந்து புத்தகம். அதற்குள் பள்ளிப் பிள்ளைகளும் பார்த்துவிடட்டும் என்பதற்காக. குழந்தைப் புத்தகங்களை மட்டும் மொத்தமாக யாருக்கும் கொடுப்பதில்லை.

"ஒரு புத்தகம் ரொம்ப நாளாத் தேடறேன். வந்தா சொல்வீங்களா?"

மேசை மேல் ஒரு நீள நோட்டு இருக்கிறது, அதில் எழுதுங்கள். தலைப்பு, எழுத்தாளர் பெயர், உங்கள் தொலைபேசி எண். தலைப்பு நினைவில்லை என்றால் அட்டையின் நிறம், எந்தப் பத்திரிகையில் வந்தது, எந்த வயதில் படித்தீர்கள் என்று நினைவில் உள்ளது எல்லாம் எழுதுங்கள். "பச்சை அட்டை, நாய்க்குட்டி விண்வெளிக்குப் போகும் கதை, நாலாவது படிக்கும்போது பள்ளி நூலகத்தில்" என்று ஒருவர் எழுதியிருந்தார். இரண்டு வருடம் கழித்துப் போன பங்குனியில் அது வந்தது. கூப்பிட்டேன். கல்பாக்கத்திலிருந்து பேருந்து பிடித்து, கடை மூடுவதற்குப் பத்து நிமிடம் முன்பாக வந்து சேர்ந்தார். நின்றபடியே முதல் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்தார். அவர் முடிக்கிற வரைக்கும் விளக்கை அணைக்காமல் வைத்திருந்தோம்.